டிசம்பரில் ஊர் திரும்புகிறவர்கள்: இக்போ கிராமத்து நாட்குறிப்பு

2024 டிசம்பர் 20, வெள்ளி

காலை ஐந்து மணிக்கே லாகோஸின் ஜிபோவு பகுதியில் பஸ் கம்பெனி வாசல்களில் நிற்க இடமில்லை. அரிசி மூட்டை, மெத்தை, ஜெனரேட்டர், அட்டைப் பெட்டி பிரிக்காத டிவி என்று வண்டிக்கு வண்டி சாமான் ஏறிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் கிழக்கே போகிறவை. இக்போ மக்களின் சொந்த மண் நைஜீரியாவின் தென்கிழக்கில், அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோனி ஆகிய ஐந்து மாநிலங்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. பிழைப்பு மட்டும் நாடு முழுக்க. லாகோஸ், அபுஜா, வடக்கே கானோ வரை கடைத்தெருக்களில் இவர்களைப் பார்க்கலாம். வருடம் முழுக்க எங்கே இருந்தாலும் கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருந்தாக வேண்டும். வராதவரைப் பற்றி ஊரில் விசாரிப்பார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து லாகோஸில் வேலை பார்க்கும் எனக்கு, ஊருக்கு வரச்சொல்லி அழைப்பு அலாபா சந்தையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் நண்பரிடமிருந்து வந்தது. அவருடைய ஊர் நெவி நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை எடுத்ததிலிருந்து பஸ் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறது. டிசம்பரில் அது மறுபடி எகிறும். திரும்பும் வண்டி காலியாக வரும் என்பது கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணம். மக்கள் திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள்.

வண்டி கிளம்பியதும் ஒருவர் எழுந்து நின்று ஜெபம் செய்தார், எல்லாரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அவர் உட்கார்ந்ததும் இன்னொருவர் எழுந்து மூட்டுவலி மருந்து விற்றார். ஓரே, பெனின் சிட்டி, அசாபா என்ற ஊர்களைத் தாண்டி நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி நைஜர் ஆற்றுப் பாலத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகரவில்லை. 2023இல் இரண்டாவது பாலம் திறந்தும் கூட்டம் இப்படித்தான் இருக்கிறது. நாங்கள் போனது 1965இல் கட்டி முடித்த பழைய பாலத்தில். இரண்டே வருடத்தில் போர் வந்தது, தென்கிழக்கு பயாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிய முயன்ற போர். 1967இல் பின்வாங்கிய பயாஃப்ரா படையே அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. அதைச் சொன்ன நண்பர் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் எந்தப் பக்கத்துத் தூண்கள் என்று கை காட்டினார்.

டிசம்பர் 21, சனி

வெளிச்சத்தில் ஊரைப் பார்த்ததும் கண்ணில் படுவது வீடுகள்தான். இரண்டு மாடி, மூன்று மாடி, முன்னால் தூண்கள், உயரமான இரும்புக் கேட். பாதி வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடப்பவை. லாகோஸில் வாடகை வீட்டில் இருப்பவர்கூட ஊரில் மாளிகை கட்டியிருக்கிறார். ஆடம்பரம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போருக்குப் பிறகு போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் இக்போக்கள் விட்டுவந்த வீடுகளைக் கைவிடப்பட்ட சொத்து என்று அறிவித்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் முதல் வீட்டைப் பிறந்த மண்ணில் கட்டு என்பது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. நண்பரின் அப்பாவுடைய கல்லறையும் வீட்டு முற்றத்தில்தான், டைல்ஸ் பதித்து, பெயர் பொறித்து. வீட்டு நிலத்தில் புதைப்பதுதான் இங்கே வழக்கம்.

நுழைந்ததும் கோலாக் கொட்டை வந்தது. வந்தவருக்குத் தண்ணீர்கூட அப்புறம்தான். தட்டு முதலில் நண்பரின் பெரியப்பாவிடம் போய், உறவுமுறைப்படி கைமாறி என்னிடம் வந்து, மறுபடி அவரிடமே திரும்பிப் போயிற்று. அவர் அதை உயர்த்திப் பிடித்து வேண்டிக்கொண்டார். பருந்தும் உட்காரட்டும், கழுகும் உட்காரட்டும், ஒன்று மற்றதை விரட்டினால் அதன் சிறகு ஒடியட்டும் என்பது அதில் தவறாமல் வரும் வரி. கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்பார்கள், அதனால் வேண்டுதல் இக்போவில்தான். கொட்டையில் நாலு பிளவு இருந்தால் நல்ல சகுனம். இவர்களுடைய பழைய வாரம் ஏகே, ஓரியே, ஆஃபோ, இன்க்வோ என்று நாலே நாள், அந்த நாலுக்கு இது பொருத்தம். துண்டுகள் ஆண்களுக்கெல்லாம் போன பிறகு கடைசியாகப் பெண்களுக்குப் போயிற்று. பெண்கள் கோலா உடைப்பதில்லை. நண்பரின் அக்கா தன் துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், வாயில் போடவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

தேவாலயம். நாலு மணி நேரம், நன்கொடை அறிவிப்புகளோடு. லாகோஸ் பேரக்குழந்தைகள் பாட்டியிடம் இங்கிலீஷில் பேச, பாட்டி இக்போவில் பதில் சொல்ல, நடுவில் வேலைக்காரப் பெண் மொழிபெயர்க்கிறாள். பாட்டிக்கு இது வருத்தம். மகனிடம் நேராகவே சொன்னார்.

டிசம்பர் 23, திங்கள்

தெருவில் யாரும் இல்லை. வங்கி இல்லை, ஆட்டோ இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து தென்கிழக்கில் திங்கள்கிழமை வீடடங்கும் நாள். தனிநாடு கேட்கும் இயக்கத்தின் தலைவர் சிறைப்பட்டபோது அந்த இயக்கம் விடுத்த அழைப்பு அது. பிறகு இயக்கமே விலக்கிக்கொண்டதாகச் சொல்லியும் பயம் விலகவில்லை. திறந்த கடைகள் எரிந்திருக்கின்றன, ஆட்கள் செத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கொஞ்சம் தளரும் என்றார்கள். எங்கள் ஊரில் தளரவில்லை. வாரத்தில் ஒரு நாள் சந்தையே இல்லாமல் வியாபாரத்தை மட்டுமே நம்பி வாழும் ஒரு சமூகம் எவ்வளவு இழக்கிறது என்பதை இங்கே யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே சத்தமாகப் பேசுவாரும் இல்லை.

வெளியே போக முடியாததால் நண்பரின் அம்மா பேச உட்கார்ந்தார். போர் தொடங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. 1967 மே 30 அன்று பயாஃப்ரா தனிநாடு அறிவிப்பு, ஜூலையில் போர், 1970 ஜனவரி 15 அன்று சரண். முற்றுகையில் பட்டினியால் செத்தவர்களையும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. அம்மாவின் தம்பிக்கு வயிறு வீங்கி முடி செம்பட்டை ஆயிற்று. குவாஷியோர்கர் என்ற அந்த நோயின் பெயரை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இங்கே சரியாக உச்சரிக்கிறார்கள். ஊலி என்ற ஊரில் தார்ச்சாலையையே அகலமாக்கி விமான ஓடுதளமாக வைத்திருந்தார்கள். ராத்திரியில் விளக்கணைத்து வந்திறங்கும் விமானங்களில் பால் பவுடரும் நார்வே கருவாடும் வரும். சர்ச் முகாமில் வரிசையில் நின்று வாங்கி வந்து தம்பிக்கு ஊட்டியதாகச் சொன்னார். அவன் பிழைக்கவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டேன். "அப்புறம் இருபது பவுண்டு" என்றார்.

போருக்கு முன் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும், பயாஃப்ரா பணத்தை மாற்றக் கொண்டுவந்த கணக்குக்காரருக்கு நைஜீரிய அரசு கொடுத்தது தலைக்கு 20 பவுண்டு. அம்மாவின் அப்பாவும் அதை வாங்கியவர்தான். 1972இல் வெளிநாட்டுக் கம்பெனிப் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கும் ஆணை வந்தபோது இந்தப் பகுதியில் வாங்கக் கையில் காசு இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. சந்தை எரிந்து கிடந்தது, பள்ளிக்கூடம் கூரையில்லாமல் நின்றது. இவர்கள் எழுந்தது உறவையும் உழைப்பையும் மூலதனமாக வைத்து. அந்த ஏற்பாட்டை நாளைக்குச் சந்தையில் காட்டுகிறேன் என்றார் நண்பர்.

டிசம்பர் 24, செவ்வாய்

நெவி சந்தை வாகன உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. கப்பலில் வந்த பழைய இஞ்சின்கள், மூட்டை மூட்டையாக பேரிங், மோட்டார் சைக்கிள் செயின். நைஜீரியாவில் கார் தயாரிக்கும் இன்னோசன் கம்பெனியும் இந்த ஊரில்தான். ஒவ்வொரு கடையிலும் பதினைந்து இருபது வயதுப் பையன்கள் இரண்டு மூன்று பேர். சம்பளக்காரர்கள் இல்லை. இக்பா போய் என்ற ஏற்பாட்டில் வந்தவர்கள்.

ஒரு குடும்பம் தன் பையனை ஒரு வியாபாரியிடம் ஒப்படைக்கும். இத்தனை வருடம் என்று சாட்சிகள் முன்னால் வாய்மொழி ஒப்பந்தம், ஐந்து ஆறு ஏழு வருடம். அவன் ஓகா என்று அழைக்கும் முதலாளியின் வீட்டிலேயே தங்குவான், அங்கேயே சாப்பாடு. முதலாளியின் மனைவி அவனுக்கு மேடம். முதல் வருடம் கடை பெருக்குவது, சுமை தூக்குவது, வீட்டு வேலை. பிறகு விலை, சரக்கு, வாடிக்கையாளரின் முகம், கடன் கொடுக்கலாமா கூடாதா என்ற கணிப்பு. காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்குக் கடை வாடகையும் சரக்கும் முதலும் கொடுத்து அனுப்ப வேண்டும். பல சமயம் அதே தெருவில். தன் போட்டியாளரைத் தானே காசு கொடுத்து உருவாக்கும் வியாபாரிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இருபது பவுண்டு தலைமுறை எழுந்து நின்றது இப்படித்தான்.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். பையன்கள் கடைக்குப் போனதால் தென்கிழக்கில் பல வகுப்புகளில் பெண்பிள்ளைகளே அதிகம் என்ற நிலை வந்தது. காலம் முடியும் மாதத்தில் திருட்டுப் பட்டம் கட்டி வெறுங்கையோடு விரட்டும் முதலாளிகளும் உண்டு. சரக்கோடு ஓடிப்போகும் பையன்களும் உண்டு. இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள், நாலு வருடத்துக்கு மேல் என்றால் முகம் சுளிக்கிறார்கள் என்றார் நண்பர். ஒரு பையன் என்னிடம் கனடா விசா பற்றி விசாரித்தான்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். கசப்புக்கீரைச் சாறும் மரவள்ளி மாவு உருண்டையும், ஆட்டிறைச்சியும், பனங்கள்ளும். மத்தியானம் முகமூடி ஆட்டம் தெருவில் வந்தது. முன்னோர்களே வருவதாக நம்பிக்கை, அதனால் பெண்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். லாகோஸ் பெண்பிள்ளைகள் ஒதுங்காமல் போன் பிடித்து வீடியோ எடுத்தார்கள், முகமூடிக்காரரும் நின்று போஸ் கொடுத்தார்.

டிசம்பர் 26, வியாழன்

நான் இந்த ஊரில் கண்டதிலேயே முக்கியமானது இன்றைய கூட்டம். ஒரே தகப்பன்வழி ஆண்களின் கூட்டத்துக்கு உமுன்னா என்று பெயர். முப்பது பேருக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் பழுதுக்கு வரி, கட்டாதவர்களின் பெயர் வாசிப்பு, கிணற்று மோட்டார், இரண்டு பேருக்கு அபராதம். கடைசியாக நண்பர் எழுந்தார். அக்காவுக்காகப் பேச அவர்தான் எழ வேண்டும். அக்கா முற்றத்தின் அந்தப் பக்கம் இருந்தார். கூட்டத்தில் பெண்ணுக்கு இடமில்லை.

அக்கா எனுகுவில் ஆசிரியை. கணவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. இரண்டும் பெண்பிள்ளைகள். ஆண் வாரிசு இல்லை என்று கணவரின் சகோதரர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர் கேட்பது அப்பாவின் வளவில், அதாவது குடும்ப வீடுகள் இருக்கும் வளாகத்தில், ஒரு வீடு கட்டும் அளவுக்கு நிலம்.

சட்டத்தில் இதற்குக் குழப்பமே இல்லை. மகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு கிடையாது என்ற இக்போ வழக்கம் செல்லாது என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பு சொல்லிவிட்டது. மகன் இல்லாத விதவையைக் கணவன் வீட்டிலிருந்து வெளியேற்றுவதையும் அதே வருடம் கண்டித்தது. விதவைகளின் உரிமைக்கென்று எனுகு மாநிலம் 2001இலேயே சட்டம் போட்டது. வழக்குப் போடலாமே என்று அக்காவிடம் நேற்றே கேட்டிருந்தேன்.

"போட்டால் ஜெயிப்பேன். அப்புறம் என் அம்மா செத்தால் குழி வெட்ட யார் வருவார்கள்?" என்றார்.

இந்த ஊரின் சட்டப் புத்தகம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இங்கே சாவு என்பது பெரிய காரியம். வாரக்கணக்கில் பிணவறை, ஊரெங்கும் போஸ்டர், பந்தல், மாடு, ஊர் திரண்ட சாப்பாடு. செலவில் குடும்பங்கள் கடனாளி ஆவதைப் பார்த்து அனம்ப்ரா மாநிலம் 2019இல் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சாவுக்கு உமுன்னா வராவிட்டால் அதைவிட அவமானம் இல்லை. ஊரை எதிர்த்தவர் வீட்டில் பிணம் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்தும் பெண்கள் தயங்குவதற்கு இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

கூட்டத்தில் ஒரு பெரியவர், நாளைக்கு அவளுடைய மருமகன்கள் வந்து நம் வளவில் உட்காருவார்களே என்றார். இளைஞர் ஒருவர், எனுகுவிலிருந்து எல்லா வரியும் கட்டுவது அக்காதான், வராத அண்ணன்மார்கள் கட்டுவதில்லையே என்றார். சத்தம் வந்தது. தலைவர் 29ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார். நண்பர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் எந்தப் பக்கத்து நிலம் என்று கேட்டபோது சற்றுத் தடுமாறினார். ரோட்டோர நிலத்துக்கு இப்போது விலை அதிகம்.

டிசம்பர் 27, வெள்ளி

நண்பரிடம் ஆறு வருடம் இருந்த பையனை இன்று கடை வைத்து அனுப்பும் நாள். அவனுடைய அப்பா அம்மா, உமுன்னா சாட்சிகள், பாதிரியார். பையன் முட்டி போட்டான். நண்பர் அவன் தலையில் கைவைத்து வாழ்த்தி, பணத்தையும் லாகோஸில் பிடித்துவைத்த கடையின் சாவியையும் கொடுத்தார். தொகையைச் சபையில் சொன்னார்கள், நான் இங்கே எழுதவில்லை. முதல் ஆறு மாதம் சரக்கு கடனுக்குத் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். பையனின் அம்மா ஆடிக்கொண்டே அழுதார். நண்பரையும் ஒருவர் இப்படித்தான் அனுப்பியிருக்கிறார். அந்தப் பழைய ஓகா இன்று நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது அக்காவின் மூத்த மகள் மாமாவிடம் கேட்டாள். அடுத்த ஆளாக என்னை எடுத்துக்கொள்வீர்களா? அவள் கம்ப்யூட்டர் படித்தவள். கிடங்கில் தூங்க வேண்டும், சுமை தூக்க வேண்டும், நள்ளிரவில் கண்டெய்னர் இறக்க வேண்டும் என்றார் மாமா. பெண்கள் தையலோ தலைமுடி அலங்காரமோ கற்றுக்கொள்வார்கள். அதற்கு அவர்களே கட்டணம் கட்ட வேண்டும், முடிவில் முதல் கிடைக்காது. சரக்கை இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பில்தானே வாங்குகிறார்கள், அதற்கு எதற்குச் சுமை தூக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு மாமாவிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன் என்றார். யோசிப்பார் என்றுதான் நினைக்கிறேன். கடையின் கணக்கை இரண்டு வருடமாக அவள்தான் போனில் பார்த்துத் தருகிறாள்.

டிசம்பர் 28, சனி

பக்கத்து ஊரில் கல்யாணம். மணப்பெண் கையில் பனங்கள் கோப்பையோடு கூட்டத்துக்குள் வர, ஒளிந்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து மண்டியிட்டுக் கொடுக்க வேண்டும். நடுவில் இளைஞர்கள் எனக்குக் கொடு எனக்குக் கொடு என்று கை நீட்டுவார்கள். மாப்பிள்ளை குடித்தால் கல்யாணம் முடிந்தது. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்தது ஜார்ஜ் என்னும் கனத்த துணி. இந்தியாவில் நெய்து இங்கே வருவது. மெட்ராஸ் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய காலம் முதல் தொடரும் வியாபாரம் இது. ஒரு பாட்டி தன் அம்மாவின் ஜார்ஜைக் கட்டி வந்திருந்தார். என்னிடம் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நம் நெசவு ஒன்று இங்கே பெட்டியில் நகையோடு வைத்துப் பாதுகாக்கப்படுவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதே பந்தலில் ஒதுங்கி நின்ற நண்பரின் ஒன்றுவிட்ட தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவனுக்கு இந்த வருடம் கல்யாணம் நின்றுபோனது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாரின் பூர்வீகத்தை விசாரிப்பது வழக்கம். விசாரித்ததில் பெண் ஓசு என்று வந்தது. பழைய காலத்தில் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் ஓசு. அவர்களோடு கல்யாணம் கூடாது, பட்டம் கிடையாது, சபையில் இடம் கிடையாது. 1956இலேயே கிழக்கு மாகாணச் சட்டசபை இதை ஒழித்துச் சட்டம் போட்டது. இக்போக்களின் பழைய சமயத் தலைமையிடமான நிரி (Nri) என்ற ஊரிலேயே 2018 டிசம்பர் கடைசியில் சடங்கு நடத்தி ஒழித்ததாக அறிவித்தார்கள். இருந்தும் படித்த, ஜெபிக்கிற, வெளிநாட்டில் வாழ்கிற குடும்பங்கள் ரகசியமாக விசாரிக்கின்றன. பார்த்தால் தெரியாது, பேரில் தெரியாது, தொழிலில் தெரியாது, விசாரித்தால் மட்டும் தெரியும். இதை எனக்கு அவன் விளக்க ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன், விளக்க வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணோடு இன்னும் பேசுகிறாயா என்று கேட்டதற்குத் தலையாட்டினான். அம்மா சம்மதிக்காவிட்டால் லாகோஸில் பதிவுத் திருமணம் என்றான். அவன் அதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்ட இந்த வம்சத்து மகள்கள், உமுவாடா. வயதானவர்கள் முன்னால், ஒரே துணியில் சேலை போல இரண்டு சுற்றுக் கட்டி. மகளுக்குப் பிறந்த வீட்டில் நிலம் இல்லாவிட்டாலும் அதிகாரம் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சகோதரர்களின் சண்டையைத் தீர்க்கவும், அண்ணிமார்களைக் கண்டிக்கவும், சாவு வீட்டில் நாட்கணக்கில் தங்கிச் சடங்கு நடத்தவும் இவர்கள் வேண்டும். இவர்கள் வராத சாவும் அரைகுறைதான். வருடாவருடம் ஆகஸ்டில் பெண்கள் ஊருக்கு வந்து கூட்டம் போடும் வழக்கமும் இருக்கிறது. 1929இல் பெண்களுக்கும் வரி விழப்போகிறது என்று ஓலோகோ என்ற ஊரில் மூண்ட எதிர்ப்பு, ஆயிரக்கணக்கான பெண்கள் பனங்குருத்தோடு வெள்ளைக்காரர் நியமித்த தலைவர்களின் வீடுகளை முற்றுகையிடும் வரை போயிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அந்தத் தலைவர் முறையை அரசு மாற்ற வேண்டியதாயிற்று.

இவர்கள் கத்தவில்லை. முற்றத்தில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் எழுந்து, என் தம்பி மகள் வாடகை வீட்டில் சாக மாட்டாள், அவளுக்கு இடமில்லாத வளவில் இனி எந்தச் சாவுக்கும் நாங்கள் வர மாட்டோம் என்றார். அக்கா எதைச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகப் பயந்தாரோ, அதையே இவர்கள் பெரியவர்களிடம் திருப்பி வைத்தார்கள். மருமகன்களைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். வெகுநேரம் பேசவில்லை.

மூன்று மணி நேரம் ஆயிற்று. கிழக்குப் பக்கம், ரோட்டோரம் இல்லாமல் உள்ளே தள்ளி ஒரு மனை. அக்காவின் ஆயுள் வரை அவருக்கு, பிறகு மகள்களுக்குக் கல்யாணம் ஆகும் வரை அவர்களுக்கு. செயலாளர் நோட்டில் எழுதினார். கேட்டதும் அக்கா, கல்யாணம் ஆகும் வரை என்ற வரியை எடுக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஈஸ்டருக்கு மறுபடி பேசலாம் என்று தலைவர் நோட்டை மூடினார்.

ராத்திரி அவரிடம், ஈஸ்டர் வரை காத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். "மனைக்கு அளவு கொடுத்துவிட்டார்கள் இல்லையா? ஜனவரி ஆறாம் தேதி சர்வேயர் வருகிறார். ஐந்நூறு சிமெண்ட் பிளாக்குக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அந்த வரியைப் பற்றி அஸ்திவாரம் எழும்பிய பிறகு பேசிக்கொள்வார்கள்" என்றார்.

நாளை திங்கள், வண்டி ஓடாது. செவ்வாய் காலை லாகோஸ் பஸ்.